அய்யாக்குட்டியின் தலைவலி

ஸ்டேஷன் டீ நல்லாயிருக்கு மேடம். இஞ்சி தட்டிப் போட்டிருக்காங்க. மூணு நாளா சாரல் விடாம அடிக்குது, இந்தக் குளிருக்கு இது வேண்டியதுதான். எழுதுதவரையும் ஒரு கிளாஸ் குடிச்சிட்டு உக்காரச் சொல்லுங்க. நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லுதேன். பட்டாளத்துல இருந்தவனுக்கு ரிப்போர்ட் சொல்லத் தனியாப் பாடம் எடுக்க வேண்டாம்.

பேரு சுந்தரபாண்டியன். வயசு அறுபத்திரெண்டு. சுபேதாரா இருந்து ரிட்டயர் ஆனேன், போகையில ஆனரரி லெஃப்டினென்ட் பட்டம் கொடுத்து அனுப்பினாங்க. வீடு மேலகரம். தென்காசியில முன்னாள் ராணுவத்தார் சங்கம்னு ஒரு ரூம் இருக்குல்லா, அதுக்கு நான்தான் தலைவர். வியாழக்கிழமை தோறும் அங்கன உக்காந்து, சர்வீஸ்ல உடம்பு கெட்டுப்போனவங்களுக்கு டிசெபிலிட்டி பென்ஷன் மனு எழுதிக் கொடுப்பேன். பன்னெண்டு வருஷமா எழுதுதேன். ஒருத்தன்கிட்டயும் ஒரு வடை வாங்கித் தின்னது கிடையாது, விசாரிச்சுப் பாருங்க.

மனுவுக்கு வருத ஆளை வாசல்லயே நான் தரம் பிரிச்சிருவேன். கால் போனவன் அதிகம் பேச மாட்டான். கட்டையைச் சுவத்துல சாய்ச்சு வச்சிட்டு பேப்பரை நீட்டுவான். முட்டு தேஞ்சவன் எக்ஸ்ரே கவரோட வருவான். காது போனவன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வருவான். இவங்களுக்கெல்லாம் மனசாரத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். இவங்களுக்குப் பின்னாடி ஒரு கூட்டம் வரும். கறுப்புக் கண்ணாடி, நெத்திப்பொட்டுல ரெண்டு விரல், மெல்லிசாக் குரல். "சாப், எனக்கு மைக்ரேன்." பட்டாளத்துல இருக்கையில ரம் கோட்டாவை ஒரு நாள் விட்டிருக்க மாட்டான். ஊருக்கு வந்த பிறகு வெளிச்சம் ஆகாதாம், சத்தம் ஆகாதாம், பக்கத்து வீட்டுல தாளிச்சா இவனுக்கு மண்டையைப் பிளக்குமாம்.

கௌரிசங்கர்னு ஒருத்தன் வந்தான். ஸ்டோர்ல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவன், மலைன்னா காலண்டர்ல பார்த்திருப்பான். மாசத்துல இருபது நாள் தலை தூக்க முடியலைன்னு எங்கிட்ட அழுதான். அன்னைக்குச் சாயந்திரமே செங்கோட்டை பார்டர்ல பரோட்டாக் கடையில பார்க்கேன், அடுப்புக்கு நேரா உக்காந்திருக்கான். கொத்துப் பரோட்டா போடுத சத்தத்துல செத்தவன்கூட எந்திரிச்சு உக்காந்திருவான். இவன் இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டுக்கிட்டு இருக்கான். அடுத்த வியாழக்கிழமை அவன் மனுவை எல்லாரும் கேக்க சத்தமா வாசிச்சேன். அதுக்குப் பிறகு ஆளு சங்கத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை.

முட்டுன்னா எக்ஸ்ரேல தெரியும். காதுன்னா மெஷின் வச்சுப் பார்க்கலாம். தலைவலிக்கு என்னத்தை வச்சுப் பார்க்க? வலிக்குதுன்னு அவன் வாயால சொல்லணும், அதை மெடிக்கல் போர்டு நம்பணும். இதுக்கு டைரி வேற எழுதிக் கொண்டு வருதாங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, எத்தனை தடவை வாந்தி எடுத்தான்னு. எனக்கு அதை வாசிச்சாலே சிரிப்பு வரும்.

அய்யாக்குட்டியும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்னுதான் நான் வச்சிருந்தேன். அப்படி வச்சுக்கிட்டாத்தான் எனக்குத் தோதா இருந்துச்சு. ஏன்னு பிறகு சொல்லுதேன்.

அவன் பாவூர்சத்திரத்துக்காரன். எனக்குக் கீழதான் பட்டாளத்துல இருந்தான். எங்க வேலை வடக்க மலையில பாறைக்கு வெடி வச்சு ரோடு போடுதது. பதினேழு வருஷம் முடிச்சு நாயக் ரேங்க்ல வெளிய வந்தான். மார்க்கெட்ல ஒரு உள்ளி மண்டியில சூப்பர்வைசர் வேலை கிடைச்சுது. லோடு இறங்கும்போது டெம்போக்காரன் ஹாரன் அடிச்சா இவன் மூட்டைக்கு இடையில போய்த் தலையைப் பிடிச்சுக்கிட்டுக் குத்த வச்சு உக்காந்திருவானாம். ஆறு மாசத்துல போகச் சொல்லிட்டாங்க. அதுக்குப் பிறகு வேலைன்னு ஒண்ணும் நிலைக்கலை.

சங்கத்து ரூமுக்கு வந்தா செருப்பை வெளிய கழட்டிப் போட்டுட்டு, வாசல்ல விறைப்பா நின்னு "ராம் ராம் சாப்"ம்பான். சேர் கிடக்கும், உக்கார மாட்டான். வயசு நாப்பத்தி மூணு ஆச்சு, ரெண்டு பேரும் வேட்டி கட்டியிருக்கோம், அவனுக்கு இன்னும் நான் சுபேதார்தான். பல பேரு டிரஸ்ஸைக் கழட்டின அன்னைக்கே மரியாதையையும் கழட்டிருவாங்க. இவன் கழட்டலை. அந்த ஒரு விஷயத்துல அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

அவன் மனுவை ஏற்கனவே ஒரு தடவை தள்ளிட்டாங்க. சர்வீஸ்ல இருக்கும்போது தலையில அடிபட்டதுக்கு ரெக்கார்டு எதுவும் இல்லைன்னு காரணம். அது நியாயந்தானே. ரெக்கார்டு இல்லாம எப்படிக் கொடுப்பாங்க? அடிபட்ட அன்னைக்கு அந்த இடத்துல மேலதிகாரியா இருந்த ஆளு ஒரு பக்கம் சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டா, அப்பீல்ல எடுத்துக்கிடுவாங்க. அந்த ஆளு நான்தான்.

"எனக்கு ஞாபகம் இல்லையேப்பா"ன்னேன்.

"ஞாபகம் வரும் சாப். அவசரம் இல்லை. மெதுவா எழுதுங்க"ன்னான்.

எட்டு மாசம் இப்படியே போச்சு. அவன் பொண்டாட்டி செண்பகவல்லி பள்ளிக்கூட நோட்டுல டைரி எழுதிக் கொண்டு வந்து கொடுப்பா. "செவ்வாய். விடியக்காலம் நாலு மணிக்கு ஆரம்பம். ஜன்னல்ல சாக்கு கட்டினேன். மூணு தடவை வாந்தி. பிள்ளையைக் கொலுசைக் கழட்டச் சொன்னாங்க." பாறையை வெடி வச்சுப் பொளந்த பயலுக்கு மகள் கொலுசுச் சத்தம் தாங்கலையாம். முதல் ரெண்டு நோட்டையும் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டு, காணாமப் போச்சுன்னு சொன்னேன். அவ புது நோட்டு வாங்கி மறுபடி ஒண்ணாம் தேதியில இருந்து எழுத ஆரம்பிச்சிட்டா. அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கலை. சண்டை போடுதவளா இருந்திருந்தா விரட்டி விட்டிருப்பேன்.

ஜூன் மாசம் அவ தனியா வந்தா. கையில ஒரு கவர்.

"அண்ணாச்சி, திருவனந்தபுரத்துல பெரிய டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேன் எடுத்தாங்க. இதை ஃபைல்ல சேர்த்தா மனு நிக்கும்னு சொன்னாரு."

லெட்டர் இங்கிலீஷ்ல இருந்துச்சு. அவ ஆறாம் கிளாஸ். நான் வாசிச்சேன். பிடரிக்கு மேல எலும்புல பழைய முறிவு. அதை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் வீங்கி இருக்கு. ஆகஸ்ட்ல ஆபரேஷனுக்கு வரணும். அதுவரைக்கும் தலையில அடியோ, பலமான அழுத்தமோ எதுவும் படவே கூடாது. கடைசி வரிக்குக் கீழ கோடு போட்டிருந்தாரு.

"இதுல பெரிசா ஒண்ணும் இல்லைம்மா. டாக்டர் உங்ககிட்ட சொன்ன ஆபரேஷன் தேதியும் மாத்திரை விவரமுந்தான்"ன்னேன். கவரை என் பையில வச்சுக்கிட்டேன். என் பீரோவுல நீங்க எடுத்தது அதைத்தான்.

அவ போகலை. சேலை முந்தியைத் திருகிக்கிட்டே நின்னா. "வக்கீல் ஒருத்தரையும் பார்த்தோம் அண்ணாச்சி. உங்களைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கிக் கேக்கலாம்னு சொல்லுதாரு. எங்க வீட்டுக்காரங்கதான் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. சாப் தானா எழுதித் தருவாங்க, அவங்களைக் கூண்டுல ஏத்தக் கூடாதுன்னு ஒரே பிடியா நிக்காங்க."

அவ அதை நல்ல விதமாத்தான் சொன்னா. அன்னைக்கு ராத்திரி நான் அந்த லெட்டரை எடுத்து மறுபடி வாசிச்சேன். இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுதவன் நாளைக்கு வேணும்னு சொல்லலாமே. ஆபரேஷனுக்கு மண்டையைத் திறந்தா முறிவை இன்னும் பத்து டாக்டர் பார்ப்பான், எப்படி ஆச்சுன்னு கேப்பான்.

அடுத்த வியாழக்கிழமை ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசினேன். "நம்ம ஊர்ல புத்தி பேதலிச்சவனையே அருவியில நிறுத்திச் சரி பண்ணுதாங்க. உன் தலைவலி எம்மாத்திரம்? எண்ணெய் தேச்சுட்டு ஒரு தடவை பேரருவியில நில்லு. நின்னு காட்டுனா, அன்னைக்கே நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

செண்பகவல்லி மட்டும் கேட்டா, "தலையைப் பத்திரமாப் பார்த்துக்கிடச் சொன்னாரே டாக்டர்?"

"அது மூட்டை, கம்பி இடிக்காமப் பார்த்துக்கிடச் சொன்னது. அருவித் தண்ணி மூலிகைல்லா"ன்னேன். இந்தப் பக்கத்து ஆளுங்ககிட்ட இதுக்கு மேல எதுவும் சொல்ல வேண்டாம் மேடம். படிச்சவன் படிக்காதவன் எல்லாரும் நம்புவான். வருஷா வருஷம் சீசனுக்கு வந்து நிக்கானே இவ்வளவு கூட்டம், எல்லாரும் டாக்டரைக் கேட்டா வருதான்?

ஜூலை கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலையில அஞ்சரை. கூட்டம் குறைவு. தண்ணி நல்லா கனமா விழுந்துச்சு, ஆனா பாதுகாப்பு வளைவைத் தாண்டலை, அதனால தடை போடலை. எண்ணெய் தேய்க்க குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டேன். முப்பது வருஷமா அங்கன தேய்க்குதவன். முதுகு, தோள்பட்டை முடிச்சுத் தலைக்கு வந்ததும் அவன் கை நின்னுட்டு.

"அண்ணாச்சி, இங்கன பள்ளமா இருக்கே. பழைய அடியோ?"

"பிறவியிலயே அப்படித்தான். நீ தேய்"ன்னேன்.

அய்யாக்குட்டி தலையைக் குனிஞ்சே இருந்தான். பிறவியில இல்லைன்னு அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மேலதிகாரி ஒண்ணு சொன்ன பிறகு அடுத்தவன் முன்னால மறுத்துப் பேசி அவனுக்குப் பழக்கம் இல்லை.

செண்பகவல்லி துண்டையும் மாத்து வேட்டியையும் வச்சுக்கிட்டுப் பொம்பளைங்க பக்கம் போய் நின்னா. அங்கன இருந்து பார்த்தா இங்கன ஒண்ணும் தெரியாது.

நான் அவனைத் தண்ணி நேரா விழுத இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சும்மா குளிக்குத ஆளு ரெண்டு நிமிஷம் அங்கன நிப்பான், விலகி மூச்சு வாங்குவான், திரும்பப் போவான். இவன்கிட்ட சொன்னேன், "விஸ்ராம்னு நான் சொல்லுத வரைக்கும் அசையக் கூடாது." அப்புறம் "சாவ்தான்"னேன், உங்க அட்டென்ஷன்தான் அது.

வழுக்குத பாறையில, ஈர டவுசரோட, குதிகால் ரெண்டையும் சேர்த்து, கையைத் தொடையோட ஒட்டி நின்னான். பரேடு கிரவுண்டுல நிக்குத மாதிரியே நின்னான். பக்கத்துல குளிச்ச பையனுவ ரெண்டு பேரு சிரிச்சானுவ.

என் கணக்கு இதுதான். நல்லா நின்னான்னா அவனுக்குத் தலைவலியே இல்லை, மனு பொய். தாங்காம ஓடி வந்தான்னா நடிக்கான், அப்பவும் பொய். எப்படிப் பார்த்தாலும் நான் கையெழுத்துப் போட வேண்டாம். மூணாவதா ஒண்ணு நடக்கலாம்னும் எனக்குத் தெரியும். டாக்டர் லெட்டரை நான் ஒரு தடவைக்கு நாலு தடவை வாசிச்சிருந்தேன்.

அஞ்சு நிமிஷத்துல மூஞ்சி வெளுத்துட்டு. ஏழாவது நிமிஷம் வாந்தி எடுத்தான், தண்ணி கழுவிட்டுப் போயிட்டு. கழுத்தைக்கூடத் திருப்பாம கண்ணை மட்டும் என் பக்கம் கொண்டு வந்தான். உதடு அசைஞ்சுது. "போதுமா சாப்"னு கேட்டான். சத்தம் கேக்கலை, ஆனா அதைத்தான் கேட்டான். நான் வாட்சைப் பார்த்தேன். குத்தாலிங்கம் பின்னால இருந்து, "அண்ணாச்சி, ஆளு ஒரு மாதிரி இருக்காரு, கூப்பிடுங்க"ன்னு கத்தினான். கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

பன்னெண்டாவது நிமிஷம் முட்டு மடங்கிச்சு. நேத்து நீங்க ஒண்ணு கேட்டீங்க. வழுக்கி விழுதவன் கையை ஊணுவானே, இவன் உள்ளங்கையில ஒரு சிராய்ப்புகூட இல்லையேன்னு. கெட்டிக்காரத்தனமான கேள்விதான். அவன் கையை எடுக்கலை மேடம். விழும்போதும் கை ரெண்டும் தொடையோடதான் இருந்துச்சு. நான்தான் விஸ்ராம் சொல்லலையே.

மூணு நாள் மூச்சு ஓடிச்சு, நாலாவது நாள் போயிட்டான். அருவியில வழுக்கி விழுந்தான்னு முதல்ல எழுதினாங்க. சங்கத்துச் சார்பா மாலை போட்டது நான்தான். செண்பகவல்லி என் காலைப் பிடிச்சுக்கிட்டு, "கடைசி வரைக்கும் கூட நின்னீங்களே அண்ணாச்சி"ன்னு அழுதா. நானும் ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிட்டு வந்தேன். குத்தாலிங்கம் மட்டும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நான் இன்னைக்கு இங்கன உக்காந்திருக்க மாட்டேன்.

ஏன் செஞ்சேன்னு மறுபடி மறுபடி கேக்குதீங்க. ஒரு தலைவலிக்காரன் மேல இவ்வளவு வெறுப்பு வருமான்னு கேக்குதீங்க. உங்களுக்குப் புரியணுமேன்னு அதையும் சொல்லுதேன்.

பத்தொம்பது வருஷத்துக்கு முந்தி. பாறையில இருபது குழி போட்டு மருந்து அடைச்சிருந்தோம். வெடிச்ச பிறகு சத்தத்தை எண்ணணும். இருபது கேட்டாத்தான் சரி. ஒண்ணு குறைஞ்சாலும் அரை மணி நேரம் ஒருத்தரும் பக்கத்துல போகக் கூடாது, அது சட்டம். அன்னைக்குப் பத்து மணிக்குப் பெரிய அதிகாரி ரோட்டைப் பார்க்க வருதாரு. எனக்குப் பிரமோஷன் வருத நேரம். ஆறாவது நிமிஷம் நான் விசில் ஊதிட்டேன், எல்லாம் சரி, போங்கன்னு. அய்யாக்குட்டி அப்ப இருபத்தி நாலு வயசுப் பையன். "சாப், பத்தொம்பதுதான் கேட்டுச்சு"ன்னான். "காதைக் கழுவிட்டு வா. இப்ப போ"ன்னேன். போனான்.

எனக்கும் பத்தொம்பதுதான் கேட்டுச்சு மேடம்.

இருபதாவது அவன் பக்கத்துல போனப்புறம் வெடிச்சுது. தூக்கி எறிஞ்சு பிடரி பாறையில அடிச்சுது. நான்தான் ஓடிப் போய்த் தோள்ல போட்டுக்கிட்டு வந்தேன். சட்டை முதுகெல்லாம் ரத்தம். டென்ட்ல ரெண்டு நாள் படுக்கப் போட்டு, ரிஜிஸ்டர்ல காய்ச்சல்னு எழுதினேன். கண்ணு முழிச்சதும் காதோட சொன்னேன், "தலைவலின்னு டாக்டர்கிட்ட போயிராதே. மெடிக்கல் கேட்டகரியை இறக்கிருவாங்க, பிரமோஷன் வராது, வீட்டுக்கு அனுப்பிருவாங்க." பட்டாளத்துல எல்லாரும் எல்லாருக்கும் சொல்லுததுதான் அது. சர்வீஸ் முடியுத வரைக்கும் அவன் ஒரு தடவைகூடப் போகலை. ராத்திரி பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பான்னு கூடப் படுத்தவங்க சொல்லுவாங்க. அதனாலதான் ரெக்கார்டே இல்லாமப் போச்சு. அவன் தலைவலியைப் பொய்னு நான் ஒரு நாளும் நினைச்சது கிடையாது. சொல்லப்போனா, அது நிசம்னு அவன் பொண்டாட்டிக்கு முந்தியே எனக்குத் தெரியும்.

வாசல்ல செண்பகவல்லி உக்காந்திருக்கா. வரும்போது பார்த்தேன். என் முகத்தைப் பார்க்கலை. அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். அந்த அடி சர்வீஸ்ல பட்டதுன்னு நான் சொன்னது இந்தப் பேப்பர்ல இருந்தா அவ மனு நிக்கும், அவளும் பிள்ளையும் பிழைச்சுக்கிடுவாங்கன்னு நீங்களே சொன்னீங்க. நல்ல எண்ணந்தான், நான் இல்லைங்கலை.

அதனால இப்படிச் செய்வோம். அருவியில நடந்ததை ஒண்ணு விடாம எழுதிக்கிடுங்க. லெட்டரை ஒளிச்சு வச்சது, சாவ்தான் சொன்னது, அவன் கேட்டும் கூப்பிடாம நின்னது. கொன்னேன்னே எழுதுங்க, எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போடுதேன். அந்த விசில் ஊதின விஷயத்தை மட்டும் எடுத்துருங்க. அது உங்களுக்குப் புரியணும்னு சொன்னது, எழுதிக்கிடுததுக்கு இல்லை. எழுதுதவரு அந்தப் பக்கத்தைக் கிழிச்சு என் கையில கொடுக்கட்டும். என் சர்வீஸ்ல எம்மேல ஒரு குத்தம் கிடையாது மேடம்.